வண்டைப் பார்க்காத வழிகாட்டி

எண்பதுகளின் நடுவில் நான் விலங்கியலில் எம்.எஸ்ஸி. முடித்தேன். சமவெளியில் இருந்த எங்கள் பல்கலைக்கழகத்தின் அறிவியல் புலத்தில் ஆராய்ச்சி வாய்ப்புகள் திறந்திருப்பதாக அப்போது அறிவித்தார்கள். பூச்சியியல், மரபியல், நீர்வாழ் உயிரியல் என்று வாய் நிறையப் பெயர்கள். நான் பூச்சியியல் பேராசிரியரிடம் நேர்காணலுக்குப் போனேன். காப்பிச் செடியின் தண்டைக் குடைந்து சாகடிக்கும் வண்டைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டுப் போயிருந்தேன். அவர் வண்டைப் பற்றி வாயே திறக்கவில்லை.

“ஏற்காடுன்னு போட்டிருக்கியேம்மா. சொந்த வீடா?”

“ஆமாங்க சார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல. எங்க அத்தா மளிகைக் கடை வச்சிருக்கறாருங்க.”

“மாடி இருக்கா?”

“இருக்குதுங்க.”

“அப்புறமென்ன, செலக்டட்!”

என் அறிவைப் பார்த்துத்தான் எடுத்துக்கொண்டார் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். மே மாதம் விஷயம் விளங்கியது. கள ஆய்வு என்று சொல்லி, மனைவி, மக்கள், மைத்துனர் குடும்பம் சகிதம் பேராசிரியர் எங்கள் வீட்டு மாடியில் வந்து இறங்கினார். அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. காலையில் இடியாப்பம், மதியம் பிரியாணி. சாயங்காலம் அவர்கள் ஏரியில் படகு விடப் போவார்கள். நான் அதற்கு முன்பே, வெயில் ஏறியதும் தலைச்சோலை பஸ் பிடித்துக் காப்பி எஸ்டேட்டுக்குப் போய்விடுவேன். வண்டு வெளியே வந்து பறப்பதும் மே மாதத்தில்தான். பேராசிரியர் மலையேறுவதும் மே மாதத்தில்தான். ஆனாலும் அவை இரண்டும் ஒன்றையொன்று சந்தித்துக்கொண்டதே இல்லை.

ஒருமுறை கெஞ்சிக் கூப்பிட்டேன்.

“சார், இன்னைக்கு நல்ல வெயிலுங்க. தண்டு மேலயே முட்டை போடும். வந்தா கண்ணாலயே பாத்துடலாங்க.”

“அட்டை கடிக்கும்மா,” என்றார். வெயில் காய்ந்து இலை சருகாகக் கிடந்த காலம் அது. ஓர் அட்டைகூடக் கிடையாது.

அடுத்த மே மாதமும் அப்படியே கழிந்தது. மூன்றாம் முறை வந்தபோது புதிதாக ஓர் இளைஞனையும் கூட்டிவந்தார். பல்கலைக்கழகத்தில் செல்வாக்கான ஒருவரின் தங்கை மகன். உதவித்தொகை ஒன்று வந்திருக்கிறதாம், அது அவனுக்காம். மதியச் சாப்பாட்டின்போது, எலும்பைக் கடித்துக்கொண்டே பேராசிரியர் ஆரம்பித்தார்.

“காப்பி வண்டு டாபிக்கை இவன் பேர்ல மாத்திடலாம்னு இருக்கேன். இதுவரைக்கும் பார்த்ததையெல்லாம் இவனுக்குச் சொல்லிக் குடுத்துடு. நீ கரப்பான்பூச்சி எடுத்துக்கோ. உனக்கு நாளைக்கே கல்யாணம் ஆகும், என்ன அவசரம்?”

அந்த இளைஞன் என்னைப் பார்த்து, “அந்த வண்டு என்ன கலர்?” என்று கேட்டான். “கறுப்புல வெள்ளைக் கோடு,” என்றேன்.

பரிமாறிக்கொண்டிருந்த அத்தா கரண்டியைச் சட்டியில் வைத்தார். கடையில் யாரிடமும் குரல் உயர்த்தி அறியாதவர். அன்றும் உயர்த்தவில்லை.

“ஏனுங்க சார், சாப்பிட்டு முடிச்சுட்டீங்களா?”

“ஆச்சு பாய். நொம்ப டேஸ்டு!” எங்கள் பேச்சை விளையாட்டாகப் பேசிக் காட்டுவது அவருக்கு வழக்கம்.

“அப்ப கையக் கழுவிட்டுக் கெளம்புங்க. ஏரிகிட்ட லாட்ஜுங்க நெறைய இருக்குதுங்க.”

“பாய், இது அகாடமிக் மேட்டர். உங்களுக்குப் புரியாது.”

“புரியாதுதானுங்க. ஆனா ஊடு எங்களுதுங்க.”

மாடியிலிருந்து பெட்டிகள் இறங்கின. பேராசிரியரின் மனைவி மட்டும் போகும்போது அம்மாவின் கையைப் பிடித்து ஏதோ மெல்லச் சொன்னார். அவர் ஒருவர்தான் அந்தக் கூட்டத்தில் வெட்கப்பட்டவர். அத்தா என்னிடம், “அழுவாத கண்ணு. வேற வாத்தியாரே இல்லாமயா போயிட்டாங்க?” என்றார்.

இருந்தார்கள், ஆனால் போவதற்கு வழிவிட வேண்டுமே. என்னை விடுவிக்கும் கையெழுத்தைப் பேராசிரியர் ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தடித்தார். அதுவரை சேலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தினேன். பிறகு வேறொரு பல்கலைக்கழகத்தில், அதே வண்டை, கரடியூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினேன். பட்டம் வாங்கும்போது என்னோடு படித்தவர்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள்.

அந்த இளைஞனுக்கு எனக்கு முன்பே டாக்டர் பட்டம் கிடைத்து, விரிவுரையாளர் வேலையும் கிடைத்திருந்தது. அவனுடைய ஆய்வேட்டை ஒருமுறை நூலகத்தில் எடுத்துப் பார்த்தேன். கெட்டி அட்டை, பொன்னெழுத்து. முன்னுரையில் பேராசிரியருக்குத் தெய்வத்துக்கு நிகரான நன்றி. உள்ளே, இந்த வண்டு இருட்டிய பிறகே வெளிவரும் என்று எழுதியிருந்தது. நல்ல வெயிலில், மனிதர் கண்ணெதிரே பறக்கிற வண்டு அது. எழுதியவனும் பார்க்கவில்லை, திருத்தியவரும் பார்க்கவில்லை, பாராட்டித் தேர்ச்சி கொடுத்தவர்களும் பார்க்கவில்லை. கோபம் வரும் என்று நினைத்தேன். சிரிப்புத்தான் வந்தது. சத்தமாகவே சிரித்துவிட்டேன் போலிருக்கிறது, நூலகர் எழுந்து நின்று முறைத்தார்.