மூன்றாம் ஓலைக்கு முன்னால்

சோடாப் புட்டியை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, கீறல் இருக்கிறதா என்று நாலு பக்கமும் திருப்பிப் பார்த்து, நகத்தால் தட்டிச் சத்தம் கேட்டு, அப்போதும் மனசு ஆறாமல் ஒரு சிலுவை போட்டுவிட்டுத்தான் தைரியநாதன் அதை எந்திரத்தில் மாட்டுவார். காற்று ஏறும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். கம்பிவலை மூடியிருக்கிறது, வெடித்தாலும் ஒரு சில்லு வெளியே வராது. ஆனால் அவருக்கு அது போதாது. பெரிய மார்க்கெட்டில் அவர் சோடாவுக்கு நல்ல பெயர். அவருக்கு வைத்த பெயர்தான் கொஞ்சமும் பொருந்தவில்லை. "தைரியம் வர்றாரு, ஓரமா நில்லுங்கடி, பயந்துடப் போறாரு!" என்று மீன்காரிகள் கேலி செய்வார்கள். அவரும் சிரிப்பார். சிரித்தபடியே, தரையில் செதில் வழுக்குமோ என்று பார்த்துப் பார்த்துக் கால் வைப்பார்.

மனுஷர் கெட்டவர் இல்லை. கவலைப்படுவதை ஒரு தொழிலாகவே செய்கிறவர், அவ்வளவுதான். மழை வந்தால் கூரை, வெயில் வந்தால் புட்டி, மகள் தும்மினால் சன்னி. தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் படுப்பார், எழுந்து போய்த் தொட்டுப் பார்ப்பார். "தாப்பா எங்கயும் ஓடிடல, வந்து படுங்க" என்பாள் மனைவி ரோசா.

இப்படிப்பட்டவர் தலையிலா அந்தக் கிழவி அதைத் தூக்கிப் போட வேண்டும்?

மகள் பெர்னதெத்துக்கும் தபால் ஆபீஸில் வேலை பார்க்கும் பிரான்சுவாவுக்கும் நிச்சயம் ஆயிற்று. இரண்டுக்கும் ஒன்றையொன்று பிடித்துப் போய்விட்டது. பையன் பேச்சை எடுத்தாலே பெண் அடுப்படியில் எதையாவது கீழே போடுவாள். நிச்சயத்தன்று, பையனுடைய அப்பாவழிப் பாட்டனோடு பிறந்த மரியப்பூ அம்மாள் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே தைரியநாதனை உற்றுப் பார்த்தாள்.

"ஏம்பா, உன் அப்பன் அருளப்பன் எடுத்து வளத்த புள்ளதான?"

"ஆமாங்கம்மா. தாது வருசப் பஞ்சத்துல எடுத்தாங்களாம். யாரு பெத்ததுன்னு சாகுற வரைக்கும் அவருக்கே தெரியாது."

"அந்தப் பஞ்சத்துலதான் எங்க கடசித் தம்பி காணாமப் பூட்டான். உன் அப்பன் மூக்கும் எங்க அண்ணன் மூக்கும் அச்சு ஒண்ணுதான், போ!"

கூட்டம் சிரித்தது. தைரியநாதனுக்கு வாயில் போட்ட லட்டு இறங்கவில்லை. அருளப்பன் அந்த வீட்டுப் பிள்ளை என்றால், பையனுடைய பாட்டனுக்குத் தம்பி. அப்புறம் பெர்னதெத் பிரான்சுவாவுக்குத் தங்கை முறை அல்லவா!

பங்குச் சாமியாரிடம் ஓடினார். சாமியார் நிதானமாக, "ரொம்ப நெருங்கின உறவு இல்லையே, மேலே பிஷப்பு, மேற்றிராணியாருக்கு எழுதி அனுமதி வாங்கலாம்" என்றார்.

"நீங்க குடுப்பீங்க சாமி. அண்ணனும் தங்கச்சியும் குடும்பம் நடத்துதுங்கன்னு ஊரு காறித் துப்புமே, அதுக்கு எந்தச் சாமி அனுமதி குடுக்கும்?"

கல்யாண ஓலையைக் கோயிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்பார்கள். முதல் ஓலை போனது. இரண்டாவதும் போனது. தன் வாயால் வந்த சந்தேகம் மரியப்பூ அம்மாளையே பிடித்துக்கொண்டுவிட்டது. "மூணாவது ஓலைக்குள்ள விசாரிச்சி சொல்லிடுப்பா. இல்லாங்காட்டி நானே கோயில்ல எழுந்து கேட்டுடுவேன்" என்று ஆள் அனுப்பினாள்.

அன்றிலிருந்து தைரியநாதன் மூக்குகளைப் பார்க்கலானார். கறிகாய்க்காரன் மூக்கு, வண்டிக்காரன் மூக்கு, கண்ணாடியில் தன் மூக்கு. வருங்கால மாப்பிள்ளை எதிரே வந்தபோது பக்கவாட்டில் போய் நின்று பார்த்ததில் பையன் மிரண்டே போனான். கோயில் ஞானஸ்நானப் புத்தகத்தில் அருளப்பன் பெயர் இருந்தது, பெற்றவர்கள் இடம் வெறுமையாக இருந்தது. சாமியார்தான் வழி சொன்னார். அருளப்பனை எடுத்து வளர்த்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டில் சமையல் பார்த்த குசினிக்காரர். அந்தத் துரை எதையும் மேரியில், அதுதான் நகரசபை ஆபீஸில், பதியாமல் விட்டிருக்க மாட்டார், அங்கே போய்ப் பார்.

"தோண்டாதீங்க" என்றாள் ரோசா. "வளத்தவங்க பேரோட மாமா நல்லபடியாப் போய்ச் சேந்துட்டாரு."

"தோண்டலன்னா புள்ள வாழ்க்க போயிடும்டி!"

மேரியில் பதிவுகளைப் பார்க்கும் அமலநாதன், பொறுமைசாலி. அவர் பிரெஞ்சில் எழுதியிருந்ததை ஒவ்வொரு பக்கமாக விரலோட்டிப் படித்துக்கொண்டு போக, தைரியநாதன் எதிரே நின்று வேட்டி முனையைப் பிசைந்தார். "நல்லாப் பாருங்க முசியே. கெட்ட சேதியா இருந்தா மெதுவாச் சொல்லுங்க."

ஓரிடத்தில் விரல் நின்றது. "கெடச்சிடுச்சி. உங்க அப்பா அந்த வூட்டுப் புள்ள இல்ல."

"மாதாவே!" என்று தைரியநாதன் மேசைமேல் அப்படியே சாய்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நெசமாவா? நல்லாத் தெரியுமா?"

அமலநாதன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "பெத்தவளே நேர்ல வந்து எழுதிக் குடுத்திருக்கா. விதவ. கல்லறத் தோட்டத்துல குழி வெட்டுற ராயப்பன் பொண்டாட்டி. புருசன் பேதியில பூட்டான், கடசிப் புள்ளைக்குக் கஞ்சி ஊத்த வழி இல்ல, சம்மதிச்சிக் குடுக்கறேன்னு சொல்லியிருக்கா. கையெழுத்துப் போடத் தெரியாதுன்னாளாம்." பிறகு, குரலை இன்னும் தாழ்த்தி, "நகல் எடுத்துக் குடுக்கவா?"

"வேணாம்... வேணாங்க."

வேறென்ன சொல்வார், பாவம்! கல்யாணத்துக்குத் தடையில்லை என்று சொல்லும் அந்தக் காகிதத்தைக் காட்டினால் கல்யாணமே நின்றுபோகும். குழி வெட்டுகிறவன் பேரனுடைய மகளை எந்தக் குமாஸ்தா வீட்டில் எடுப்பார்கள்? கோயிலுக்குள் அந்தச் சாதிக்காரர்கள் உட்காரும் இடமே வேறு. நடுவில் ஒரு சுவர் இருந்தது, இடித்தாயிற்று. சுவர் இருந்த இடத்தில் இப்போது வெறும் தரைதான். யாரும் தாண்டி உட்காருவதில்லை.

அந்த வேலை அந்தக் குடும்பத்தை விட்டுப் போகவும் இல்லை. ராயப்பனின் மூத்த மகனுடைய பிள்ளை மதலைமுத்துதான் இப்போது குழி வெட்டுகிறவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அருளப்பனுக்கு வெட்டியவனும் அவன்தான். தன் சித்தப்பன் என்று தெரியாமலே மண்ணைத் தள்ளினான். "ஆழம் போதுமாடா? நரி தோண்டாதே?" என்று மேலே நின்று அதட்டியவர் தைரியநாதன்.

வீட்டுக்கு வந்து ரோசாவிடம் சொன்னார். அவள் எழுந்து போய்த் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்தாள். "நம்ம ரெண்டு பேரோட போவட்டும்" என்றாள்.

"அது கெடக்கட்டும். பெத்தவ, புள்ளையக் குடுத்துட்டு வெறுங்கையோட எப்பிடிடி நடந்து போயிருப்பா?" என்று கேட்டு, அந்த மனுஷர் குலுங்கி அழுதார்.

மறுநாள் அப்பா கல்லறைக்கு மெழுகுவர்த்தி கொளுத்தப் போகிறேன் என்று கிளம்பினார். தோட்டத்து வாசலில் மதலைமுத்து உட்கார்ந்து மண்வெட்டிக்குக் காம்பு செருகிக்கொண்டிருந்தான். நரைத்த தலை, தைரியநாதனைவிடப் பத்து வயசாவது கூட இருக்கும். இவரைக் கண்டதும் எழுந்து நின்றான். "என்னாங்க ஐயா?" என்றான். "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு, கொண்டுபோன மெழுகுவர்த்தியைக் கொளுத்தாமலே திரும்பி வந்துவிட்டார்.

மூன்றாம் ஓலை ஞாயிறு. பூசைக்கு முன்பே மரியப்பூ அம்மாளைத் தேடிப் போய், "மேரியில பாத்துட்டேங்கம்மா. உங்க வூட்டுப் புள்ள இல்ல" என்றார். கிழவி மூச்சு விட்டாள். ஓலை வாசித்தபோது யாரும் எழுந்திருக்கவில்லை. பெண்கள் பக்கம் முக்காட்டுக்குள் பெர்னதெத் குனிந்துகொண்டு சிரித்தாள். அதைப் பார்த்த தைரியநாதன் மாதாவைப் பார்த்துக் கும்பிட்டார்.

பூசை முடிந்து எல்லோரும் படியில் நின்றார்கள். பையன் வீட்டார் முழுக்கச் சுற்றியிருக்க, மரியப்பூ அம்மாள் சட்டென்று கேட்டாள்: "எங்க புள்ள இல்ல, சரி. பின்ன யாரு வூட்டுப் புள்ளையாம்?"

ரோசா கணவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே கும்பிட்டாள். யாருன்னு அதுல எழுதல என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் வாயைத் திறந்தார்.

அந்தச் சமயம் பார்த்து, சுவர் இருந்த இடத்துக்கு மற்றப் பக்கத்து ஜனங்கள் வெளியே வந்தார்கள். கடைசியாக வந்த மதலைமுத்து, படியில் பெரிய மனுஷர்கள் நிற்பதைக் கண்டு கதவோரம் ஒதுங்கினான். "போங்க ஐயா, நான் அப்பறமாப் போறேன்."

தைரியநாதன் நகரவில்லை. அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, தோளில் கிடந்த பட்டுக்கரைத் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, படியை விட்டு ஒதுங்கி, மூத்தவனுக்கு வழி விட்டு நின்றார்.