தங்கைக்குக் கூடுதலாக வைத்த ஐஸ்

கூட வேலை செய்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் ஐஸ்கட்டி. பாதி ஆயுள் மீன் வண்டி ஓட்டியவர். மீனுக்கு ஐஸ் போதும் என்று சொல்பவனைக் கண்டாலே அவருக்கு ஆகாது. இன்னும் ரெண்டு அள்ளு கொட்டினால்தான் மனசு ஆறும். மருந்துக் கிடங்கில் வண்டி ஓட்டச் சேர்ந்த பிறகும் அந்தக் கை மாறவில்லை.

மருந்தைக் கட்டிக் கொடுக்கும் அம்மா முதல் நாளே பாடம் நடத்தினார். "இது நானோ மருந்து அண்ணே. கண்ணுக்கே தெரியாத கொழுப்பு உருண்டைக்குள்ள அடைச்சிருக்காங்க. மத்த இடத்த அதிகம் படுத்தாம, புற்றுநோய்க் கட்டியில போய் இறங்கும். குளிரணும், ஆனா உறையக் கூடாது. உறைஞ்சா உருண்டை உடைஞ்சிரும். ஐஸ் பைய எடுத்த உடனே வைக்காதீங்க. வெளியில போட்டு, குலுக்கினா தண்ணி சலசலக்கணும். அப்புறம்தான் பெட்டிக்குள்ள."

"எங்க மீனுக்கு இந்தக் கொடுப்பினை இல்லம்மா" என்று சிரித்தார். சிரித்தாலும் சொன்னபடியே செய்துவந்தார்.

ஒரு நாள் பெட்டியின் மேல் அவருடைய தங்கையின் பெயர் ஒட்டியிருந்தது. பழைய மருந்து அவள் இதயத்தைப் பாடாய்ப் படுத்தியதால், இனி இது ஒன்றுதான் வழி என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. அவருக்கு மனசு கேட்கவில்லை. கட்டிய பெட்டியைப் பிரித்து, ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு இரண்டு ஐஸ் பைகளைக் குப்பியின் இரு பக்கமும் திணித்தார். வழி நெடுக நிம்மதியாக ஓட்டினார், பாவி மனிதர்.

ஆஸ்பத்திரி வாசலில் மூடியைத் திறந்து குப்பியைக் கையில் எடுத்தார். சிவப்பு மருந்து கல்லாக உறைந்திருந்தது. கைச்சூட்டிலேயே ஓரம் கரையத் தொடங்கியது. கொஞ்ச நேரம் சும்மா நின்றால் முழுக்கக் கரைந்துவிடும், ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், மருந்து ஏற்றுவதற்குக் கையில் ஊசி குத்தி, தங்கை காத்திருந்தாள். அவரைப் பார்த்ததும் மறு கையை ஆட்டினாள்.

அவர் நேரே மருந்து வாங்கும் ஜன்னலுக்குப் போனார். "உறைஞ்சு போச்சுங்க. நான்தான் கெடுத்தேன்."

உள்ளே இருந்தவர் குப்பியைத் தனியே எடுத்து வைத்தார். அடுத்தது எப்போது வரும் என்று அவருக்கும் தெரியவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது தங்கை அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். "நீ சொன்னது சரிதாண்ணே. சொல்லாம இருந்திருந்தா இன்னைக்கு ஏத்தியிருப்பாங்க, இல்ல?" என்றாள்.

"ஏத்தியிருப்பாங்கம்மா. உடைஞ்ச மருந்து உன் இதயத்தையே அடிச்சிருக்கும்."

"தெரியும். சும்மா கேட்டேன்."

அந்தச் 'சும்மா'வை அவரால் தாங்க முடியவில்லை. சாலையைப் பார்த்தே ஓட்டினார்.

அடுத்த மருந்து வந்தபோது அவள் உயிரோடு இல்லை. அதை வேறொரு நோயாளிக்கு மாற்றி, அவள் பெயரின் மேலேயே புதுப் பெயரை ஒட்டினார்கள். "வேற ஆள அனுப்பறேன் அண்ணே" என்றார் கட்டிக் கொடுக்கும் அம்மா. வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, ஐஸ் பையைக் காதருகே வைத்துக் குலுக்கினார். சத்தம் வரவில்லை. மேசையில் வைத்துக் காத்திருந்தார், மறுபடி குலுக்கினார். தண்ணீர் சலசலத்த பிறகுதான் பெட்டியை மூடினார்.

மருந்து உறையாமல் போய்ச் சேர்ந்தது.