தீனதயாளன் துப்பறிந்த முட்டைக் கேசு

எங்கூட்டுக்காரருக்கு நாமக்கல்ல இப்ப ‘துப்பறியும் தீனதயாளன்’னு பேரு. அந்தப் பேரைக் கேட்டாலே எனக்கு வவுறு பத்திக்கிட்டு எரியுது. எல்லாம் தபால்ல வந்த வெனை.

மோகனூர் ரோட்டுல எங்களுக்கு ஒரு கோழிப்பண்ணை. மனுசன் அதைத் தவிர வேறெதையும் கண்டதில்ல. பாவம், பொழுது போகட்டும்னு பெங்களூர்ல வேலை பாக்கற எங்க மக, அவரு பொறந்தநாளுக்கு ஒண்ணு ஏற்பாடு பண்ணிவிட்டா. மாசாமாசம் ஒரு தடிக் கவர் வரும். உள்ள ஒரு கொலைக்கேசு இருக்கும். செத்தவன் போட்டோ, சாட்சிங்க சொன்னது, கிழிஞ்ச பஸ் டிக்கெட்டு, கருகுன துணித்துண்டு, எல்லாமே கற்பனைதான். கொலைகாரன் யாருன்னு கண்டுபுடிச்சு எழுதிப் போட்டா, சரியா இருந்தா சர்ட்டிபிகேட்டு அனுப்புவாங்க. மொத கவருக்கே சர்ட்டிபிகேட்டு வந்துருச்சு. அவ்வளவுதான், தலைகால் புரியல இவருக்கு.

முட்டைக்கோழிக்கு வெளிச்சம் வேணும். விடியறதுக்கு முன்னாலயே கோழி செட்டுல லைட்டு போட்டாத்தான் ஒழுங்கா முட்டை வெக்கும். இவரு பண்ணை ரூம்லயே படுத்திருந்து போடுவாரு. ஸ்விட்ச் ரூம் சாவி இவரு அரைஞாண் கயித்துலதான் தொங்கும், ஒருத்தரையும் நம்ப மாட்டாரு. கேசு கேசுன்னு கண்ணு முழிச்சுப் படிச்சுட்டு, வெயில் மூஞ்சில அடிச்ச பொறகு எந்திரிக்க ஆரம்பிச்சாரு. டவுன் ஊட்டுல இருந்த எனக்கு இது தெரியாது. பண்ணையிலயே குடியிருந்த ஆண்டிக்கும் அவன் பொண்டாட்டி குஞ்சம்மாளுக்கும் தெரியும். ஆனா ‘சாமி’ன்னு அவங்க கூப்புடற இவரு ஏதோ ரோசனையோடதான் இருட்டா வெச்சிருக்காருன்னு வாயைத் தொறக்கல. எங்க பக்கம் அப்படித்தான். பண்ணைக்காரரைப் பாத்து, ஏனுங்க லைட்டு போடலைன்னு எந்த வேலைக்காரன் கேப்பான்?

முட்டை கொறஞ்சுது. தீவனம் சரியில்லையா, கோழிக்குச் சீக்கான்னு பாக்க வேண்டாமா? அட, இவரு மூஞ்சில கவலையே இல்லீங்க, சந்தோசம்! நெசமான திருட்டுக் கேசு கெடைச்சிருச்சுல்ல.

அந்த நேரத்துலதான் குஞ்சம்மா மக தீபிகாவை அயோத்தியாப்பட்டணத்துல அன்பரசுங்கற பையனுக்குப் பேசி முடிச்சிருந்தாங்க. புள்ளைக்கு ரொம்பப் புடிச்சுப் போன பையன். அவ சிரிச்சுக்கிட்டே திரிஞ்சதைப் பாக்கணுமே! ஆனா பொண்ணு ஊட்டு மேல ஒரு சொல்லு உழுந்தாப் போதும், வெத்தல பாக்கு மாத்தி நிச்சயம் பண்ணதும் பண்ணாத மாதிரிதான்.

குஞ்சம்மா ஊட்டுக்குப் பின்னால முட்டை ஓடு கெடந்துது. கெடக்காம? கீறல் உட்ட முட்டையை வேலைக்காரங்க எடுத்துக்கறது எல்லாப் பண்ணையிலயும் வழக்கந்தானே? நானே என் கையால எத்தனை தடவை குடுத்திருக்கேன்! கல்யாணத்துக்கு எடுத்து வெச்ச புதுச்சேலையும் இவரு கண்ணுக்குத் தடயமாப் போச்சு.

தபால் கேசுல கடைசியா எல்லாரையும் ஒரே எடத்துல கூட்டித்தான் குத்தவாளியைக் காட்டுவாங்களாம். இவரும் வேலைக்காரங்க, முட்டை லாரிக்கு லோடு ஏத்த வந்தவங்கன்னு அத்தனை பேரையும் நிக்க வெச்சு, அந்த முட்டை ஓட்டை ஒரு பிளாஸ்டிக் பையில போட்டுத் தூக்கிக் காட்டி, குஞ்சம்மாதான் திருடின்னிருக்காரு.

“சாமி, அது அம்மா குடுத்த ஒடைசலுங்க சாமி. எம்புள்ள மேல சத்தியமா நான் எடுக்கலீங்க”ன்னு குஞ்சம்மா கையெடுத்துக் கும்புட்டிருக்கா.

“மாட்டிக்கிட்டவங்க எல்லாம் மொதல்ல இதத்தான் சொல்லுவாங்க”ன்னாராம் இவரு.

சேதி தெரிஞ்சு நான் போறதுக்குள்ள சட்டிபானையோட அவங்களை வெளியேத்திட்டாரு.

அப்பறம் கோழி டாக்டர் வந்தாரு. செட்டைச் சுத்திப் பாத்துட்டு, “காலையில லைட்டு எப்பங்க போடறீங்க?”ன்னு கேட்டாரு. இவரு முழிச்ச முழியிலயே எனக்கு எல்லாம் வெளங்கிப் போச்சு. லைட்டு தானா எரியறதுக்கு டைமர் மாட்டுனாரு. கொஞ்சங் கொஞ்சமா முட்டை ஏறுச்சு. ஊரு என்ன சொல்லுச்சு தெரியுமா? “பாத்தியா, அவ போனதும் முட்டை சரியாயிருச்சு!”

“ஏனுங்க, அத்தனை பேரு முன்னால திருடின்னு சொன்னீங்க. அதே ஆளுங்க முன்னால இல்லைன்னு சொல்லுங்க”ன்னு நான் சண்டைக்குப் போனேன்.

“சொன்னா நாளைக்கு எவன் என்னை மதிப்பான்?”னு கேட்டாரு. த்தூ, இதெல்லாம் ஒரு பொழப்பு!

லோடு ஏத்துனவங்க வழியா அயோத்தியாப்பட்டணத்துக்கும் பேச்சுப் போயிருச்சு. மாப்பிள்ளையோட அப்பன் சுப்பையன் விசாரிக்க எங்க ஊட்டுக்கே வந்துட்டாரு. இவரு பொய்யே சொல்லல. “அவ போனதுல இருந்து முட்டை கொறையலப்பா. மிச்சத்த நீயே ரோசிச்சுக்க”ன்னாரு.

எனக்குப் பொறுக்கல. “அவரு பேச்சைக் கேக்காதீங்க! லைட்டு போடாமத் தூங்குனது இவருதான். குஞ்சம்மா ஒரு முட்டையைக் கூடத் தொடல”ன்னு கத்திட்டேன்.

சுப்பையன் என்னைப் பாத்துக் கும்புட்டாரு. “தங்கமான மனசும்மா உங்களுக்கு. ஏழைப் பொண்ணு கல்யாணம் நிக்கக் கூடாதுன்னு கட்டுன புருசனையே உட்டுக் குடுக்கறீங்க பாருங்க!” அவரு வாசப்படி தாண்டறதுக்குள்ள எங்கூட்டுக்காரர் புதுசா வந்த கேசுக் கவரைக் கிழிச்சுப் படிக்க ஆரம்பிச்சிட்டாரு. எனக்கு அந்தக் கவரோட அவரையும் அடுப்புல போடலாம்னு இருந்துது.

கல்யாணம் நின்னு போச்சு. குஞ்சம்மா குடும்பம் குமாரபாளையத்துல தறி ஓட்டப் போயிட்டாங்கன்னு கேள்விப்பட்டு, மனசு கேக்காம தேடிக்கிட்டுப் போனேன். தீபிகாதான் வெளிய வந்தா. தலையெல்லாம் தறிப் பஞ்சு. உள்ள வாங்கன்னு சொல்லல.

“எங்களுக்காக நீங்க பேசுனீங்கன்னு அயோத்தியாப்பட்டணத்துக்காரங்க சொன்னாங்க. எங்கம்மா திருடுனதுக்கு நீங்க ஏனுங்கம்மா பொய் சொன்னீங்க?”ன்னு கேட்டா.

அவ முதுகுக்குப் பின்னால நின்னு குஞ்சம்மா அதைக் கேட்டுக்கிட்டு இருந்தா.