அம்மாவுக்குச் சித்தி சொன்ன தேங்க் யூ

என் சித்திக்கு நான் இங்கிலீஷ் வாத்தியாராகப் பொறுப்பேற்றபோது எனக்கு வயது ஒன்பது.

சித்தி அம்மாவின் தங்கை. கோவில்பட்டியில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, தெலுங்கு பேசும் பெரிய ஊரில், திருமுல்கேரியிலிருந்த எங்கள் வீட்டில் தங்கி அமீர்பேட்டில் கோச்சிங் போய்க்கொண்டிருந்தாள். எழுத்துத் தேர்வுகளை ஊதித் தள்ளிவிடுவாள். இன்டர்வியூவில் இங்கிலீஷில் பேசச் சொன்னால் வாய் பூட்டிக்கொள்ளும். இரண்டு வேலைகள் அப்படித்தான் கைநழுவின. மாதக் கடைசிக்குள் வேலை கிடைக்காவிட்டால் கிளம்பி வா, மாப்பிள்ளை வீட்டார் காத்திருக்கிறார்கள் என்று தாத்தா போனில் சொல்லிவிட்டார். சித்தி அன்று சாப்பிடவே இல்லை.

இருந்தது மூன்று வாரம். பள்ளிக்கூடத்தில் எங்கள் மிஸ் போட்ட சட்டத்தையே நானும் போட்டேன். ப்ளீஸ், தேங்க் யூ, சாரி மூன்றையும் நாளுக்குப் பத்துத் தடவை யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.

"இதுக்கெல்லாம் அர்த்தம் எனக்குத் தெரியும்டி" என்று சித்தி சிரித்தாள்.

"தெரிஞ்சா போதாது, சொல்லணும். வெட்கமெல்லாம் நக்கோ, வேண்டவே வேண்டாம்" என்றேன், மிஸ்ஸின் அதே மிடுக்கோடு.

பஸ் கண்டக்டருக்குத் தேங்க் யூ சொன்னாள். அவர் குழம்பிப்போய் இன்னொரு டிக்கெட் கிழிக்கப் போனார். வினை வீட்டில்தான் வந்தது. தட்டில் தோசை போட்ட அம்மாவுக்கும் ஒரு தேங்க் யூ சொல்லிவைத்தாள். அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது.

"எனக்கு எதுக்குட்டி தேங்க்ஸு? நான் என்ன மூணாம் மனுசியா?"

அன்று முழுக்க அக்காவும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. "இதெல்லாம் நம்ம வாய்க்கு ஒட்டாதுடி" என்று சித்தி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எனக்குத் தாங்கவில்லை. அம்மாவிடம் ஓடிப்போய், உன்னால்தான் சித்தி ஊருக்குப் போகப் போகிறாள் என்று அழுது தீர்த்தேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து தங்கையின் அருகில் உட்கார்ந்தாள்.

"எங்கிட்டயே சொல்லிப் பழகு. நான் கோவிச்சுக்கிட மாட்டேன்."

மறுநாளிலிருந்து தோசைக்கு ஒரு தேங்க் யூ. அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கிக்கொண்டாள்.

மூன்றாம் வாரம் ஒரு பிற்பகல், செருப்பைக்கூடக் கழற்றாமல் சித்தி உள்ளே ஓடிவந்தாள். "கிடைச்சிருச்சுக்கா! ஒரு கேள்வி புரியல. முன்னயெல்லாம் புரிஞ்ச மாதிரி தலையாட்டிட்டு முழிச்சுக்கிட்டு இருப்பேன். இன்னைக்கு, சாரி, ப்ளீஸ் இன்னொருவாட்டி கேளுங்கன்னு இங்கிலீஷ்லயே சொல்லிட்டேன். அந்த மேடம் சிரிச்சுக்கிட்டே திரும்பக் கேட்டாங்க." அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

என் பாடத்தால்தான் வேலை கிடைத்தது என்று காலனி முழுக்கப் பீற்றிக்கொண்டேன். நான் சொல்லிக்கொடுத்த எந்த வார்த்தையும் சித்திக்குப் புதிதில்லை. சிரித்துவிடுவார்களோ என்ற பயமில்லாமல் தப்பும் தவறுமாகப் பேசிப் பார்க்க அவளுக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. இந்தப் பெரிய ஊரில் அதற்கு அகப்பட்டவள் நான் ஒருத்திதான். அதெல்லாம் அப்போது எனக்கு எட்டவில்லை. சித்தி வேலைக்குப் போகப்போகும் திங்கட்கிழமையிலிருந்து யாருக்குப் பாடம் நடத்துவது என்ற கவலையோடு பக்கத்து வீடுகளை நோட்டம் விட்டுக்கொண்டிருந்தேன்.