கழுத்து ஆடாத வண்டி

உங்களுக்கு வேறு வேலையே இல்லையா? பேத்திக்கு ஸ்ட்ரோலர் வாங்கினேன் என்றால் விலையைக் கேட்கலாம், நிறத்தைக் கேட்கலாம். சம்பந்தியம்மா ஏன் ஒற்றைச் செருப்போடு வந்தார் என்றா கேட்பது? சரி, கேட்டுத் தொலைத்துவிட்டீர்கள். உட்காருங்கள்.

பேத்திக்கு ஆறு மாதமாகியும் என் வீட்டுப் படியை மிதிக்கவில்லை. மந்தின் ஊருக்கு அந்தப் பக்கம் எங்கள் தோட்டம், எண்ணெய் எடுக்கிற செம்பனை எஸ்டேட். தோட்டத்து வாசல் கேட் வரைக்கும்தான் கார் வரும். அப்புறம் லாரி உழுதுபோட்ட செம்மண் பாதை. அம்பாங்கானில் மகள் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். அவள் வாய் திறக்குமுன் மாமியார் முந்திக்கொண்டார்.

"உங்க தோட்டத்து ரோட்டுலயா? புள்ள கழுத்து ஆடிப்போயிரும். கழுத்து ஆடாத வண்டி வாங்குங்க, அப்புறம் பாக்கலாம்."

தலை நின்று மூன்று மாதமான பிள்ளைக்கு! வந்திருந்த விருந்தாளிகள் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்று இன்றைக்கும் சொல்வேன்.

"எனக்கென்ன தெரியும்? நீங்களே வந்து பாத்துக் குடுங்க சம்மந்தி" என்றேன். நான் 'எனக்கென்ன தெரியும்' என்று ஆரம்பித்தால் என் வீட்டுக்காரர் மெல்ல எழுந்து வெளியே போய்விடுவார். பாவம், சம்பந்திக்கு அது தெரியாது.

சிரம்பான் கடையில் அவர் ஒரு வெள்ளை வண்டியைப் பிடித்துக்கொண்டார்.

"இது ஃபுல் செட்டு ஆன்ட்டி" என்றாள் கடைப்பெண். "குடை இருக்கு, போத்தல் வைக்கிற எடம் இருக்கு, பாட்டுகூடப் பாடும்லா."

சக்கரம் எலுமிச்சம்பழம் அளவு. முப்பது வருஷம் செம்பனைக் குலை வண்டி தள்ளியவள் நான். சக்கரத்தைப் பார்த்தால் எங்கே மாட்டும் என்று தெரியும். வாயை மூடிக்கொண்டு பக்கத்துக் கடையில் பத்து கிலோ அரிசி வாங்கி வந்து வண்டியில் படுக்கவைத்து வாரைப் போட்டேன்.

"வெளிய கொஞ்சம் தள்ளிப் பாருங்க சம்மந்தி. ஒங்க கை ராசியான கை."

கடை வாசல் சாக்கடைக் கம்பியில் சக்கரம் மாட்டியது. மூட்டையோடு வண்டி முன்னால் குப்புறச் சாய்ந்தது.

"ஐயையோ, புள்ள கழுத்து!" என்று கத்தினேன். எதிர்க் கடையில் தேத்தண்ணி குடித்தவர்கள்கூடச் சிரித்தார்கள்.

அப்புறம் மூன்று பெரிய காற்று டயர் வைத்த வண்டியை நானே எடுத்தேன். அதே கம்பிமேல் தள்ளினேன். மூட்டை அசையவில்லை.

"கழுத்து ஆடுச்சா சம்மந்தி?"

கூட்டத்தைப் பார்த்தார். "ஆடல."

"அப்ப ஞாயித்துக்கிழமை."

ஞாயிற்றுக்கிழமை, பிள்ளையைக் கண்காணிக்க அவரும் வந்தார், தங்க நிறக் குதிகால் செருப்போடு. காய்ந்த ஓரப்பாதை ஒன்று இருக்கிறது. நான் அதில் போகவில்லை. லாரித் தடத்திலேயே பழம் ஏற்றிய வேகத்தில் தள்ளினேன். பேத்தி தூங்கிவிட்டாள்.

"மெதுவா! மெதுவா!" என்று பின்னால் குரல்.

"நின்னா குலுங்கும் சம்மந்தி!" என்றேன்.

ஒரு செருப்பு சேற்றோடு போய்விட்டது. பேத்தியை என் பாயில் கிடத்திவிட்டுத்தான் அவருக்குக் கால் கழுவத் தண்ணீர் கொடுத்தேன்.

சாயங்காலம் அக்கம்பக்கத்தார் வந்து நின்றார்கள். "என்னக்கா, சம்மந்தியம்மாவுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லடி. புள்ள கழுத்து ஆடல, அவங்க கழுத்துதான் ஆடிப்போச்சு. அடுத்த வாட்டி அவங்க சைசுல ஒரு வண்டி இருக்கான்னு கடையில கேக்கணும்லா."