இன்று பிழை விற்பனைக்கு

என் பெயரின் நடுவில் ஒரு ழ இருக்கிறது. கல்யாணமாகிப் புனேக்கு வந்த நாளிலிருந்து அந்த எழுத்து படாத பாடு படுகிறது. போபோடியில் எங்கள் தெருக்காரர்கள் அதை ல ஆக்கினார்கள். நிக்டியில் நான் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் கம்பெனியில் அது ஜ ஆனது. முதலில் ஒவ்வொருவரையும் பிடித்துத் திருத்திக்கொண்டிருந்தேன். பிறகு, எப்படியோ கூப்பிடுங்கள், வந்து தொலைக்கிறேன் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் குழுவின் தலைவி ஒரு மராத்திப் பெண்மணி, புனேயின் பழைய பேட்டையில் பிறந்து வளர்ந்தவர். அளந்து பேசுவார், சிரிப்பதையும் அளந்துதான் சிரிப்பார். வருடத்துக்கு ஒருமுறை குழு ஏதாவது நல்ல காரியத்துக்குப் பணம் திரட்டுவது கம்பெனி வழக்கம். டப்பாவைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாகப் போவோம், எங்களைக் கண்டதும் எல்லோருக்கும் அவசர போன் வந்துவிடும். இந்த முறை தலைவி முதலில் எங்களை விஷ்ராந்த்வாடியில் காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கு அழைத்துப் போனார்.

அங்கே பிள்ளைகள் காலி பெயின்ட் வாளிகளைக் கவிழ்த்துப் போட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். கணபதி ஊர்வலத்துக்கு ஒத்திகையாம்.

"போன வருஷம் கொடி பிடிச்சு நடந்தாங்க. இந்த வருஷம் நாங்களே டோல் அடிப்போம்னு ஒரே அடம். டோலுக்கு எங்க போறது?" என்றார் ஆசிரியை.

காது கேட்காமல் எப்படி மேளம் அடிப்பார்கள் என்று நான் வாய்விட்டுக் கேட்கவில்லை. முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். முன்பல் விழுந்த ஒரு சிறுமி என் கையை இழுத்து வாளியின் மேல் வைத்து, பக்கத்தில் ஓங்கி ஓர் அடி போட்டாள். அதிர்வு முழங்கை வரை ஏறியது. வாளிக்கே இப்படியென்றால் நிஜ டோலுக்கு எப்படி இருக்கும்! வாங்கிக் கொடுத்தே தீருவது என்று அவளைவிட எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது.

மதியச் சாப்பாடு சமைத்து விற்பதென்று முடிவானது. ஆளுக்கு ஒரு பதார்த்தம் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும், அதே கட்டடத்திலுள்ள மற்ற கம்பெனிக்காரர்கள் வந்து வாங்குவார்கள். வாட்ஸப்பில் ஒருவர் கத்தரிக்காய் பாஜி என்றார். ஒருவர் பிட்லா, அதாவது கடலைமாவுக் குழம்பு. ஒருவர் பச்சைமிளகாயை இடித்துச் செய்யும் தேச்சா. நான் முந்திக்கொண்டு, போளி என்னுடையது என்று எழுதினேன்.

"நூறாவது வேணுமே, தனியா முடியுமா?" என்று தலைவி கேட்டார்.

தென்காசிக்காரியைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? கட்டைவிரலை உயர்த்தி அனுப்பினேன்.

என் வீட்டுக்காரர் இங்கே கடக்கியில் பிறந்து வளர்ந்தவர், பாதி இந்தியில்தான் அதிர்ச்சியடைவார். "அரே, நூறா? பாகல் ஆயிட்டியா?" என்றார்.

"தேங்காய நீங்க துருவுங்க. மத்தத நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். மனிதர் முனகிக்கொண்டே துருவினார், பாதியில் வெல்லத்தையும் எடுத்துத் தின்றார்.

அன்று மதியம் பாஜியும் பிட்லாவும் தேச்சாவும் மேசையில் வரிசையாக இருந்தன. வெளியே கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. தலைவி என் தூக்குகளைத் திறந்தார். நெய்யில் பளபளவென்று தேங்காய்ப் போளிகள்.

"ஹே காய்?" இது என்ன என்றார்.

"போளி" என்றேன் பெருமையாக.

எல்லோரும் தூக்குக்குள் எட்டிப் பார்த்தார்கள். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. தலைவியின் பேட்டையில் போளி என்றால் சப்பாத்தி. எங்கள் தெருவில் சப்பாத்தியைச் சப்பாத்தி என்றுதான் சொல்வார்கள். இங்கே புரண்போளி என்ற இனிப்பைத் தின்ற நாக்கு எனக்கு, போளி என்றால் இங்கேயும் இனிப்புதான் என்று இருந்துவிட்டேன். இப்போது தொட்டுக்கொள்ள எல்லாம் இருந்தது, தொட்டுத் தின்ன ஒன்றுமில்லை. காரக் கத்தரிக்காயோடு தேங்காய்ப் போளியை யார் வாங்குவார்கள்? அந்தச் சிறுமி இந்த வருடமும் கொடி பிடித்து நடப்பாள், என்னால்.

தலைவி ஒரு போளியைப் பிய்த்து வாயில் போட்டார். நிதானமாக மென்றார். பிறகு இன்னொரு துண்டில் தேச்சாவைத் தடவித் தின்றார். கண்ணில் நீர் வந்தது, ஆனால் கை அடுத்த துண்டுக்குப் போனது. ஒருவரைப் பேக்கரிக்கு விரட்டி, பாஜிக்குப் பாவ் ரொட்டி வாங்கிவரச் சொன்னார். வாசல் பலகையில் எழுதியிருந்த 'போளி பாஜி' என்பதைத் துடைத்துவிட்டு, கொட்டை எழுத்தில் மராத்தியில் எழுதினார்: 'இன்று பிழை விற்பனைக்கு.'

என்ன பிழை என்று கேட்காமல் ஒருவராலும் அந்தப் பலகையைத் தாண்டிப் போக முடியவில்லை. ஒவ்வொருவருக்கும் தலைவியே கதையைச் சொன்னார். சொல்லும்போதெல்லாம் சிரித்தார், அளவெல்லாம் போயே போச்சு. தேச்சா தடவிய போளிதான் முதலில் தீர்ந்தது. எனக்கென்று எடுத்து வைத்ததையும் யாரோ வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

கணபதிக்கு முன்பே, சேர்ந்த பணத்தில் வாங்கிய டோல்களோடு பள்ளிக்குப் போனோம். அன்று விற்றுத் தீர்ந்துபோன போளியைப் பிள்ளைகளுக்காக மறுபடி சுட்டு எடுத்துப் போயிருந்தேன். வீட்டுக்காரர் மறுபடி துருவினார், மறுபடி முனகினார். முதல் அடி விழுந்ததும் என் வயிற்றுக்குள் அதிர்ந்தது. பிள்ளைகள் டோலில் கன்னத்தை வைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

கிளம்பும்போது அந்தப் பல் விழுந்த சிறுமி என்னைக் காட்டி, இரண்டு உள்ளங்கைகளையும் மாற்றி மாற்றித் தட்டி, பிறகு விரலை நக்கிக் காட்டினாள். மற்ற பிள்ளைகளும் அதையே செய்தார்கள். எனக்குப் புரியவில்லை.

"இவங்களுக்குப் பிடிச்சவங்களுக்குச் சைகையில ஒரு பேர் வைப்பாங்க" என்றார் ஆசிரியை. "போளி தட்டறவங்க, இது உங்க பேரு."

தலைவி உடனே அதைச் செய்து பார்த்தார். இப்போது அலுவலகத்தில் அந்தக் கோடியிலிருந்து அவர் உள்ளங்கையைத் தட்டி விரலை நக்கினால், நான் எழுந்து போகிறேன். புனேயில் என் பெயரை முதன்முதலாகப் பிழையில்லாமல் கூப்பிட்டவள் அந்தச் சிறுமிதான்.