இரண்டு ஷிப்டுக்கு ஒரு அம்புக்குறி

அலுவலகத்தில் அவளுக்கு ஆமை என்று பெயர். வேன் டிரைவர் வைத்தது. வயதுக்கு மரியாதை கொடுத்து ஆமையக்கா என்பார். அவளுக்கு அதில் வருத்தமில்லை. நாள் முழுக்கக் கூப்பிட ஆளே இல்லாதவளுக்கு எந்தப் பெயராக இருந்தால் என்ன?

பழைய காகித நில வரைபடங்களை ஸ்கேன் செய்து கொடுப்பார்கள். திரையில் அந்த எல்லைக்கோடுகளின் மேல் மவுஸால் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டு போக வேண்டும். ஒரு புள்ளி பிசகினால் ஒருவர் வீட்டுச் சுவர் பக்கத்து வீட்டுக்காரருக்குப் போய்விடும். அவளோ குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டவள். எலும்பு கூடியதே தவிர நேராகக் கூடவில்லை. அம்புக்குறி ஊர்ந்து போனால்தான் அவள் கை கேட்கும்.

அறையில் ஒரே ஒரு லினக்ஸ் கணினி. காலை ஆறிலிருந்து ஒன்று வரை அவள், பிற்பகல் மூன்றிலிருந்து வேறு யாரோ. இருவருக்கும் சேர்த்து 'பொது' என்று ஒரே அக்கவுண்ட். இரண்டு பாஸ்வேர்டு ஞாபகம் வைத்துக்கொள்ள முதலாளிக்குப் பொறுமை கிடையாது. ஒன்றே காலுக்கு வேன் கிளம்பிவிடும், மூன்று வரை அறை பூட்டியிருக்கும். அதனால் வந்து ஒன்றரை வருடமாகியும் அந்த மூன்று மணி ஆளை அவள் கண்ணால் பார்த்ததில்லை. ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. கேட்டால் யாராவது சொல்லியிருப்பார்கள். கேட்பதற்கு ஒரு காரணம் வேண்டாமா?

வந்த புதிதில் அந்த ஆளை அவள் திட்டாத நாளில்லை. காலையில் மவுஸைத் தொட்டதும் அம்புக்குறி பாய்ந்து திரையின் ஓரத்தில் போய் முட்டும். "கால்ல வெந்நீரைக் கொட்டிக்கிட்ட ஜென்மம்!" என்று முணுமுணுத்தபடி செட்டிங்ஸைத் திறப்பாள். வேகம் என்று ஒரு பட்டை, அதில் நகரும் குமிழ். அதை இடது கோடிக்கு இழுத்துவிட்டுத்தான் வேலையே. மறுநாள் பார்த்தால் குமிழ் மறுபடி வலது பக்கம் நிற்கும். ஒரு மாதம் பொறுத்தாள். பிறகு புகார் நோட்டில், தனி அக்கவுண்ட் வேண்டும், அவசரம் என்று எழுதி அடிக்கோடும் போட்டாள். அந்தப் புகார் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது.

பிறகு ஒருநாள் வீட்டுக்குக் கிளம்பும்போது, நான் திட்டுவதுபோல அந்த ஆளும் தினம் என்னைத் திட்டிக்கொண்டுதானே இருக்கும் என்று தோன்றியது. போகிற போக்கில் குமிழை அவளே வலது பக்கம் தள்ளிவைத்துவிட்டுப் போனாள். மறுநாள் காலை மவுஸைத் தொட்டாள். அம்புக்குறி ஊர்ந்தது. குமிழ் இடது கோடியில், அவள் இடத்தில் நின்றது.

அன்று கால் மணி நேரம் அவளுக்கு வேலையே ஓடவில்லை. வீட்டில் அவள் வருவதற்குள் விளக்கைப் போட்டு வைக்க ஒரு நாதி இல்லை. இங்கே யாரோ வீட்டுக்குப் போகிற அவசரத்திலும் அவள் கையை நினைத்திருக்கிறார். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், வீடு நிறைய ஆள் வைத்திருப்பவர்களுக்கு இது புரியாது.

அதற்குப் பிறகு ஒரு நாள் தவறியதில்லை. இவள் வலதுக்குத் தள்ளிவிட்டுப் போவாள், அந்த ஆள் இடதுக்கு இழுத்துவிட்டுப் போவார். அண்ணன் மாதம் ஒருமுறை போன் செய்து, "நல்லா இருக்கியா? சரி, வெச்சிடறேன்" என்பான். பதில் சொல்ல அவள் வாயைத் திறப்பதற்குள் லைன் போயிருக்கும். அவனைவிட இந்தக் குமிழ் எவ்வளவோ மேல்.

போன திங்கட்கிழமை கணினி மெக்கானிக் புகார் நோட்டோடு வந்து நின்றார்.

"அக்கா, உங்க வேலை முடிஞ்சுது. ரெண்டு பேருக்கும் தனித்தனி அக்கவுண்ட். இனிமே உங்க மவுஸை யாரும் தொட மாட்டாங்க."

"இப்ப என்ன அவசரம் அதுக்கு?"

"அவசரம்னு நீங்கதானே அடிக்கோடு போட்டு எழுதியிருக்கீங்க?" நோட்டை விரித்துக் காட்டினார். அவள் கையெழுத்தேதான். "பழைய பொது அக்கவுண்ட் வெள்ளிக்கிழமை வரைக்கும் இருக்கும். ஃபைல் ஏதாவது இருந்தா எடுத்துக்கோங்க. அப்புறம் அழிச்சிடுவேன்."

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள். யாரிடம் போய் அழுவது?

அன்று கிளம்புமுன் பொது அக்கவுண்டுக்குள் போய், வழக்கம்போல் குமிழை வலது பக்கம் தள்ளினாள். செவ்வாய்க்கிழமை அவளுடைய புது அக்கவுண்டில் அம்புக்குறி அவள் வைத்தபடியே இருந்தது. ஒரு குறையும் இல்லை. அவளுக்கு எரிச்சலாக வந்தது. பொதுவைத் திறந்து பார்த்தாள். குமிழ் வலது பக்கமே நின்றது. புதன்கிழமையும் அப்படித்தான். வியாழக்கிழமையும் அப்படித்தான். அந்த ஆளுக்குத்தான் தனி அக்கவுண்ட் வந்துவிட்டதே, இந்தப் பக்கம் எட்டிப்பார்க்க என்ன தலையெழுத்து? நான்தான் பைத்தியக்காரி என்று நினைத்துக்கொண்டாள். அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

வெள்ளிக்கிழமை காலை, கடைசியாக ஒரு தடவை என்று பொதுவுக்குள் போனாள். மவுஸில் கை வைத்தாள். அம்புக்குறி ஊர்ந்தது. செட்டிங்ஸைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை, கை சொல்லிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினாள்.

பன்னிரண்டு மணிக்கு மெக்கானிக் வந்தார். "பொதுவுல ஏதாவது வேணுமா அக்கா?"

"ஒண்ணும் இல்ல. அழிச்சிடுங்க."

அரை நிமிடம்கூட ஆகவில்லை, அழித்துவிட்டார்.

ஒன்றே காலுக்கு வேன் ஹாரன் அடித்தது. அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். டிரைவர் எட்டிப் பார்த்தார். "ஆமையக்கா, வரலையா? இதை விட்டா ஆறு மணிக்குத்தான் வண்டி."

"நீங்க போங்க. மூணு மணிக்கு ஒருத்தரைப் பார்க்கணும்."

"யாரை?"

"தெரியல. பார்த்துட்டுச் சொல்றேன்," என்றாள்.